கதவுக்கு வெளியே எத்தனை குடும்பம்?

ஒரு குடியிருப்பு மனிதர் வாழ ஏற்றதா என்று அறிய நாம் வீட்டுக்குள் போய்ச் சதுர அடியை அளக்கிறோம். கதவைத் திறந்து வெளியே பாருங்கள் என்கிறேன். அந்த வராந்தாவை எத்தனை குடும்பங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன? அங்கே குடியிருப்பவர்களின் மன நிம்மதி பெருமளவு அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் 1950களின் நடுவில் ப்ரூட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பைக் கட்டி முடித்தார்கள். ஒவ்வொன்றும் 11 மாடி கொண்ட 33 கட்டடங்கள். 1972-இல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். அதற்கு முன்பே அங்கே சென்று பார்த்த கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன் எழுதியதைக் கேளுங்கள். இரண்டு குடும்பங்களுக்கு மட்டும் பொதுவான வாசல்பகுதி நன்றாகப் பராமரிக்கப்பட்டிருந்தது. இருபது குடும்பங்கள் புழங்கிய வராந்தாவும், நூற்றைம்பது குடும்பங்கள் ஏறி இறங்கிய மாடிப்படியும் லிஃப்டும் சீரழிந்து கிடந்தன. ஆட்கள் அதே ஆட்கள்தான். நாலு பேர் முகம் தெரிந்த இடத்தில் அந்நியன் யார் என்று கேட்கலாம், குப்பை போட்டவனைத் தட்டிக் கேட்கலாம். நூறு பேர் போய்வரும் இடத்தில் யாரை யார் கேட்பது?

வறுமையும் பராமரிப்புக்குப் பணமில்லாததும்தான் ப்ரூட்-ஐகோவை வீழ்த்தின, கட்டடத்தின்மேல் பழி போடாதீர்கள் என்பார்கள். அதில் பெரும் உண்மை உண்டு, மறுக்க மாட்டேன். ஆனால் வறுமையே இல்லாத இடத்திலும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 1980-இல் வெளியான ஆய்வில் ஆண்ட்ரூ பாம், க்ளென் டேவிஸ் என்ற உளவியலாளர்கள் ஒரு கல்லூரி விடுதியை எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 40 மாணவியர் புழங்கிய நீண்ட வராந்தாவின் நடுவே மூன்று அறைகளைப் பொதுக்கூடமாக்கி, கதவு வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். பிரிக்காத வராந்தாவில் இருந்தவர்களைவிடப் பிரித்த வராந்தாவில் இருந்தவர்களுக்கு நெரிசல் உணர்வு குறைந்தது, பழகுவதும் எளிதாயிற்று.

மூன்று அறை வாடகை போகுமே என்பது அடுத்த ஆட்சேபம். போகும்தான். குடியிருப்பவர் வெறுத்து வெளியேறிய கட்டடத்தில் எல்லா அறை வாடகையும் போகும். ப்ரூட்-ஐகோவில் நடந்தது அதுதான். ஆகவே வீட்டுவசதித் துறை நண்பர்களே, வரைபட ஒப்புதலின்போதே ஒரு வாசல்பகுதிக்கு எத்தனை குடும்பம் என்று எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கட்டி முடித்த நீண்ட வராந்தாக்களையும், தீ விபத்தில் வெளியேறும் வழி அடைபடாதபடி, இடையில் பிரித்துக் கொடுங்கள்.