அமெரிக்க அருங்காட்சியகங்களில் சமண ஏடுகள்



அமெரிக்க அருங்காட்சியகங்களில் இடைக்காலக் கலை என்றதும் ஐரோப்பிய மடங்களிலிருந்து பெயர்த்துச் சென்ற கற்றூண்களே பலர் நினைவுக்கு வரும். குஜராத்திலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் எழுதப்பெற்ற சமண ஏடுகளும் அங்கே உள்ளன. அவற்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

அவற்றுள் பெரும்பாலானவை கல்பசூத்திர ஏடுகள். அது சுவேதாம்பரர் ஓதும் நூல். திகம்பரராகிய நாம் அதனை ஆகமமாகக் கொள்வதில்லை. ஆயினும் அதனை எழுதுவித்த நோக்கம் நமக்குப் புதியதன்று. வணிகப் பெருமக்கள் பொருள் ஈந்து சுவடி எழுதுவித்துத் துறவியர்க்குச் சாஸ்திர தானமாக அளித்தனர். 14ஆம் நூற்றாண்டளவில் பனையோலையின் இடத்தைக் காகிதம் பெறத் தொடங்கியது. அப்போதும் ஓலையின் நீள்வடிவை எழுத்தர் விடவில்லை. கயிறு கோக்கும் துளை இருந்த இடத்தில், துளை வேண்டாத காகிதத்திலும், ஒரு வட்டத்தை அழகுக்காக வரைந்துவைத்தனர்!

இவ்வோவியங்களை அமெரிக்கர்க்கு அறிமுகம் செய்தவருள் தலையாயவர் ஆனந்த குமாரசுவாமி; கொழும்புத் தமிழரான சர் முத்து குமாரசுவாமியின் மைந்தர். 1917இல் அவருடைய சேகரிப்பை டென்மன் ராஸ் என்பார் வாங்கிப் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். குமாரசுவாமியும் அங்கே பணியேற்றார். 1924இல் அவர் வெளியிட்ட பட்டியற்பகுதி சமண ஓவியங்களுக்கும் சுவடிகளுக்குமே உரியது. 1934இல் வாஷிங்டனின் ஃப்ரீயர் கலைக்கூடம், நார்மன் பிரௌன் தொகுத்த கல்பசூத்திர ஓவியப் பட்டியலை வெளியிட்டது.

அறிஞர் செய்தது இது. சந்தை செய்தது வேறு. ஓவியமுள்ள ஏடுகள் தனித்தனியே விலைபோயின. எழுத்து மட்டும் உள்ளவற்றை நாடுவார் அரியர். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்திலும் இவ்வாறு சிதறிய கல்பசூத்திரங்களின் தனியேடுகள் உள்ளன. சட்டமிட்டு மாட்டிய ஏட்டில் காண்பவர் கண்ணுக்குத் தீர்த்தங்கரர் தெரிகிறார். அவர் சரிதத்தைச் சொல்லும் மறுபக்கம் சுவரை நோக்கியிருக்கிறது. நூலாக ஈந்தது படமாக எஞ்சியது.

அவர்கள் பேணும் முறையைக் குறைகூற மாட்டேன். ஒளியால் வண்ணம் கெடும் என்று சில மாதங்களே காட்சிக்கு வைத்துப் பின் இருளறைக்குக் கொண்டுசெல்கின்றனர். நம் வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையான சுவடிகளை எண்ணினால் நமக்கு நா எழுமா?

ஒரு வேண்டுகோள் மட்டும். அமெரிக்காவில் வாழும் நம் பிள்ளைகள் அங்கே இத்தகைய ஏட்டைக் கண்டால், அதன் பின்பக்கத்தையும் படமெடுத்து வெளியிடுமாறு காப்பாளரைக் கேட்கட்டும். சிதறிய ஏடுகளை மீண்டும் நூலாக வரிசைப்படுத்த ஏட்டெண் வேண்டும். அதனை எழுத்தர் வழக்கமாகப் பின்பக்க ஓரத்தில்தான் எழுதினர்.