சில்லின் நினைவும் வாசற்கோலமும்

திருவனந்தபுரத்துக் கரமனையில், ஆற்றை அடுத்த அக்கிரகாரத் தெருக்களில் விடியற்காலையில் நடந்தால், வாசல் தெளித்துக் கோலமிடும் காட்சியை இன்றும் காணலாம். இட்ட கோலத்தில் மேலும் ஓர் இழை சேர்ப்பது எளிது. தவறி விழுந்த ஓர் இழையை மட்டும் நீக்குவதோ எளிதன்று. வாசலையே கழுவிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். நுண்கட்டுப்படுத்தி எனும் சிறு சில்லினுள் இருக்கும் பிளாஷ் நினைவகத்தின் இயல்பும் ஏறக்குறைய இதுவே.

கரமனைக்கு அண்மையிலுள்ள பூஜப்புரையில் கேரள அரசின் 'கைட்' நிறுவனம் இயங்குகிறது. அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டில் பள்ளிகளுக்கு வழங்கத் தொடங்கிய பயிற்சிப் பெட்டிகளில் 'ஆர்டுயினோ ஊனோ' என்னும் பலகை இருக்கிறது. பலகையின் மூளை 'ஏடிமெகா 328பி' என்னும் சில்லு. அதன் பிளாஷ் நினைவகம் 32 கிலோபைட் அளவினது. 128 பைட் கொண்ட 256 பக்கங்களாக அது பிரிக்கப்பட்டுள்ளது.

ஒவ்வொரு நினைவுக் கண்ணிலும் காப்புப் படலத்தால் சூழப்பட்ட ஒரு மிதக்கும் வாயில் உண்டு. அதனுள் எலெக்ட்ரான்களைச் செலுத்தினால் அக்கண் 0 ஆகிறது. வெளியேற்றினால் 1 ஆகிறது. மின்சாரம் நின்றாலும் உள்ளே அடைபட்டவை வெளியேறா. ஆதலின் நினைவு நிலைக்கிறது. 1ஐ 0 ஆக்குவதைத் தனித்தனிக் கண்ணில் செய்யலாம். 0வை 1 ஆக்க வேண்டுமாயின் பக்கம் முழுவதையும் ஒருசேர அழித்தாக வேண்டும். 1980களில் ஜப்பானியப் பொறியாளர் புஜியோ மசுவோகா இதனை வடிவமைத்தபோது, ஒரே நொடியில் யாவும் அழிவது புகைப்படக் கருவியின் ஒளிவீச்சை நினைவூட்டியதால் 'பிளாஷ்' என்ற பெயர் வந்தது.

இனி, நிரலை ஏற்றும் முறையைப் பார்ப்போம். நினைவகத்தின் கடைசிப் பகுதியில் 'பூட்லோடர்' என்னும் சிறு நிரல் காவலாளியைப்போல் தனியே அமர்ந்திருக்கிறது. கணினி அனுப்பும் நிரலை அது பக்கம் பக்கமாக வாங்கி, பழைய பக்கத்தை அழித்து, புதியதை எழுதுகிறது. இடையில் மின்சாரம் போய்விட்டால் பழைய நிரல் சிதைந்திருக்கும், புதியதும் முற்றுப்பெற்றிராது. ஆயினும் காவலாளிக்குத் தீங்கில்லை, மறுபடியும் ஏற்றிக்கொள்ளலாம். தன்னைத் தானே அழித்துக்கொள்ளாதபடி அதற்குத் தனியிடம் ஒதுக்கியதன் பயன் இதுவே.

எனினும், ஒவ்வோர் அழிப்பிலும் காப்புப் படலம் சிறிது தேய்கிறது. இந்தப் பிளாஷுக்கு உற்பத்தியாளர் தரும் உறுதி 10,000 முறை. அதே சில்லில், பைட் பைட்டாக அழித்து எழுதத்தக்க 'ஈஈப்ராம்' என்னும் 1,024 பைட் நினைவகமும் உண்டு. அதற்கு உறுதி 1,00,000 முறை. நம் இல்லத்து மாணவன் ஒருவன் தொட்டியின் நீர்மட்டத்தை வினாடிக்கு ஒருமுறை அந்த ஈஈப்ராமில் ஒரே இடத்தில் பதியும்படி நிரல் எழுதினான். கணக்கிட்டால், ஏறக்குறைய 28 மணி நேரத்திலேயே அந்த உறுதி தீர்ந்துவிடுகிறது! சில்லு அதையும் தாண்டிச் சில வாரங்கள் உழைத்தது. பிறகு பொய்யான அளவுகளைக் காட்டலாயிற்று. தொட்டி நிரம்பி வழிந்தபோதுதான் நாம் விழித்தோம். குறை சில்லினுடையதன்று, எழுதிய முறையினுடையது.

மணிக்கு ஒருமுறை மட்டும் பதிந்திருந்தால் அதே உறுதி 11 ஆண்டுகளுக்கு மேல் வந்திருக்கும். மதிப்பு மாறினால் மட்டுமே எழுதுவதும், இடத்தை மாற்றி மாற்றி எழுதுவதும் ஆயுளை மேலும் நீட்டும். மாணவன் இப்போது அவ்வாறே செய்திருக்கிறான்.

பல மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களிலும் பிள்ளைகள் இத்தகைய பலகைகளோடு விளையாடுகிறார்கள். "என்ன எழுதினாய்?" என்று கேட்பதோடு, "எத்தனை முறை எழுதுகிறாய்?" என்றும் அவர்களைக் கேளுங்கள். நாள்தோறும் கழுவப்படும் வாசற்கல்லும் தேயும் அன்றோ?