நூலுக்குள் நிற்கும் குறி

வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள காஞ்சியில் தோன்றியவராகப் போற்றப்படும் பொய்கையாழ்வார், முதல் திருவந்தாதியை 100 வெண்பாக்களால் பாடினார். ஒரு பாடலின் ஈறு அடுத்ததன் முதலாக வருவது அந்தாதி. மனனத்துக்கு எளிது என்று மட்டும் அதைப் பாராட்டி அமைவது போதாது. சுவடியின் கயிறு அறுந்து ஏடுகள் சிதறினால், ஓரத்தில் எழுதிய எண்ணைக் கொண்டு அடுக்கலாம். ஓரமும் செல்லரித்துவிட்டால் மற்ற நூல்களைப் பயில்வோர் திகைப்பர். அந்தாதி பயில்பவரோ ஈற்றுச்சொல்லைப் பற்றிக்கொண்டே அடுத்த ஏட்டைக் கண்டெடுப்பார். வழிகாட்டும் குறி அங்கே பாட்டின் உடலிலேயே இருக்கிறது.

கணினிக்கு வருவோம். ஒரகடத்து ஆலையில் முறைப்பணி செய்யும் இளைஞர் ஒருவர், ஓய்வு வேளையில் பழைய நூலொன்றைத் தட்டச்சிடுகிறார் எனக் கொள்வோம். நடுவில் ஐயம் எழுந்த வரிக்கு மீண்டும் வரவேண்டும். 1991ஆம் ஆண்டில் வெளிவந்த 'விம்' என்னும் உரைத்தொகுப்பியில் 'எம்' எழுத்தையும் 'ஏ' எழுத்தையும் தட்டினால் அவ்வரியில் குறி விழும். பிறகு ஒற்றை மேற்கோளும் 'ஏ'யும் தட்டினால் அங்கேயே சேரலாம். சிறிய எழுத்து ஒரு கோப்புக்குள் செல்லும். பெரிய எழுத்து வேறொரு கோப்பிலிருந்தும் அழைத்து வரும். மேலே புதிய வரிகளைச் சேர்த்தாலும் குறி தன் வரியோடு நகரும். அழகிய ஏற்பாடுதான்.

ஆனால் அக்குறி நூற்கோப்பில் இல்லை. அவருடைய கணினியில் வேறொரு கோப்பில் வரியெண்ணாகச் சேமிக்கப்படுகிறது. நூலை நண்பருக்கு அனுப்பினால் பாட்டுகள் போகும், குறிகள் போகா. வேறொரு மென்பொருளில் திருத்திவிட்டுத் திரும்பினாலோ, குறி பொருந்தாத வரியைச் சுட்டக்கூடும். 'வேர்டு' ஆவணத்தில் புத்தகக்குறி ஆவணத்துடனேயே செல்லும். வெற்று உரையாகச் சேமித்தால் அதுவும் உதிர்ந்துவிடும்.

1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. பல நாட்டுத் தன்னார்வலர்கள் நூல்களைத் தட்டச்சிட்டனர். மயிலை, டிஸ்கி, யூனிகோடு என எழுத்துமுறைகள் மாறிய போதும், பாடலோடு சேர்த்து அச்சிட்ட எண்கள் உடன்வந்தன. குறளெண்ணைச் சொன்னால் எப்பதிப்பிலும் தேடலாம். பக்க எண் அவ்வாறு உதவாது. குறளெண்ணும் பரிமேலழகர் வைப்புமுறையைச் சார்ந்ததே. மணக்குடவர் உரையில் சில குறள்களின் வரிசை வேறு.

ஆகவே அவ்விளைஞர் அதிகாரத் தலைப்பு ஒவ்வொன்றின் முன்னும் நூலில் வேறெங்கும் வராத ஒரே குறியைத் தட்டச்சிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கும் எண்ணிட்டு வைக்கலாம். ஐயமுற்ற வரியிலும் மற்றொரு குறியை எழுதி வைக்கலாம். எந்தத் தொகுப்பியிலும் தேடல் கட்டளை இட்டால் அவை ஒவ்வொன்றாக எதிர்ப்படும். ஐயம் தீர்ந்தபின் அழிக்க வேண்டியது அந்த இரண்டாம் குறியை மட்டுமே.