பறித்து வளர்த்த பிள்ளைகள்



கல்முனை ஆதார வைத்தியசாலையில் 81ஆம் இலக்கத்தோடு அனுமதிக்கப்பட்ட கைக்குழந்தையை இந்த அவையில் பலருக்கு நினைவிருக்கும். 2004 டிசம்பர் 26, கடல் ஊருக்குள் ஏறி இறங்கிய பிறகு இடிபாட்டுக்குள் கிடைத்த பிள்ளை. ஒன்பது குடும்பங்கள் உரிமை கோரியதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தில் முறைப்படி மனுப் போட்டது ஒரேயொரு தம்பதிதான். மரபணுச் சோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட்டது. 2005 பெப்ரவரி நடுவில் பிள்ளை பெற்றவர்களிடமே போய்ச் சேர்ந்தது.

அந்தப் பிள்ளையைப் பிரித்தது கடல். மனிதரே பிரித்து, பெற்றவர்களைக் கொன்றவர் வீட்டிலேயே வளர்த்தால் என்ன ஆகும்? அதைத்தான் இன்று பேச வந்தேன்.

1976 மார்ச் 24இல் ஆர்ஜென்டினாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பிடித்துக்கொண்டு போன இளம் பெண்களில் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். பிள்ளை பிறக்கும்வரை உயிரோடு வைத்திருந்தார்கள். பிறகு தாயைக் கொன்றார்கள். பிள்ளைகளில் பலர் இராணுவத்தாரின் வீடுகளுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களின் வீடுகளுக்கும் போனார்கள். பொய்ப் பெயர், பொய்ப் பிறப்புப் பத்திரம். இப்படிப் போனவர்கள் ஏறத்தாழ 500 பேர் என்பது அவர்களைத் தேடுபவர்களின் கணக்கு. தேடியவர்கள் அந்தப் பிள்ளைகளின் மூத்தம்மாமார். 1977இல் புவனஸ் அயர்ஸில் ஒன்றுகூடினார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: தாயும் தகப்பனும் மண்ணுக்குள், பேரப்பிள்ளையை எங்கள் இரத்தத்தைக் கொண்டு நிறுவ முடியுமா? அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் 1984இலிருந்து அவர்களோடு வேலை செய்தார். உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவிலுள்ள மரபணு தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. ஆகவே தாயைப் பெற்றவளிடம் இருப்பதே பேரப்பிள்ளையிடமும் இருக்கும். இடையில் உள்ள தாய் இல்லாவிட்டாலும் கணக்குத் தப்பாது.

இதைப் படித்தபோது எனக்கு நம் குடிமுறைதான் ஞாபகம் வந்தது. இலங்கையின் இந்தக் கிழக்குக் கரையில் முஸ்லிமுக்கும் தமிழருக்கும் குடி தாய்வழியில்தான் இறங்குகிறது. வாப்பா எந்தக் குடியானாலும் பிள்ளை உம்மாவின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்காயர் இருந்ததும் அந்தக் கணக்கில்தான். பறிபோன பிள்ளை இழப்பது பெயரை மட்டுமல்ல. யாரைக் கட்டலாம், யாரைக் கட்டக்கூடாது என்ற அறிவையும் சேர்த்தே இழக்கிறது.

இப்படிப் பறிபோன பிள்ளைகளில் ஒருவரான ஸைத் இப்னு ஹாரிஸா (ரலி) அவர்களின் வரலாற்றை இந்த ஊர் மதரஸாப் பிள்ளைகளும் சொல்வார்கள். சிறு வயதில் கொள்ளைக் கூட்டத்தார் பிடித்துச் சந்தையில் விற்ற பிள்ளை. கதீஜா நாயகியின் வீடு வந்து, நபி (ஸல்) அவர்களிடம் வளர்ந்தார். தகப்பன் தேடிக்கொண்டு மக்கா வந்தபோது, முடிவைப் பெருமானார் ஸைதிடமே விட்டார்கள். அவர் வளர்த்தவரோடு இருக்கவே விரும்பினார். பிறகு முஹம்மதின் மகன் என்றே ஊர் அவரை அழைத்தது. அந்த வழக்கத்தைக் குர்ஆனின் அஹ்ஸாப் அத்தியாயம் நிறுத்தியது. வளர்ப்புப் பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் பெயராலேயே அழைக்கும்படி கட்டளை வந்தது. இங்கே பிடித்தவர் வேறு, வளர்த்தவர் வேறு, அதை மறக்கக்கூடாது. ஆனாலும் இரண்டு நீதி இதில் துலக்கம்: பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும், முடிவு பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

பிரிவினைக்குப் பின் இந்தியா இந்த இரண்டாவதைக் கோட்டைவிட்டது. கடத்தப்பட்டவர்களை மீட்க 1949இல் கொண்டுவந்த சட்டம் பதினாறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகளையும் எந்த வயதுப் பெண்ணையும் உள்ளடக்கியது. விருப்பத்தைக் கேட்காமலே எல்லை தாண்டி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. புதுக் குடும்பத்தில் பெற்ற பிள்ளைகளை விட்டுப் போன தாய்மாரும் உண்டு. முதல் பறிப்புக்கு மருந்தென்று செய்த இரண்டாவது பறிப்பு அது. எனக்கு அதில் சந்தேகமில்லை.

மீண்டும் ஆர்ஜென்டினாவுக்கு வந்தால், அங்கே இதுவரை 130க்கும் மேற்பட்டோர் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள். மூத்தம்மாமாரின் தலைவி எஸ்தெலா டி கார்லோட்டோவின் மகள் 1978இல் கொல்லப்பட்டாள். அவளுடைய மகன் 2014இல் கிடைத்தார். தன் பிறப்பில் சந்தேகம் வந்து தானே சோதனைக்கு முன்வந்த இசைக் கலைஞர். அப்போது மூத்தம்மாவுக்கு 83 வயது. பிள்ளைகளைத் திட்டமிட்டுக் களவாடியதற்காக முன்னாள் ஆட்சித் தலைவர் விதெலாவுக்கு 2012இல் 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த குடும்பங்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள், அவர்கள் எங்கே என்று உறவினர் இன்றும் தெருவோரம் அமர்ந்து கேட்கிறார்கள். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் கடத்திக் கொல்லப்பட்ட முஸ்லிம் பயணிகளின் குடும்பங்களும் புதைத்த இடத்தைத் தோண்டக் கேட்டு நிற்கின்றன. அதே ஆண்டு கல்முனையில் பிடித்துக்கொண்டு போன தமிழ் இளைஞரின் வீடுகளும் உண்டு. காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இல் நிறைவேறியது. தாய்மாரோ ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள்.

எலும்பானாலும் உயிருள்ள பிள்ளையானாலும் ஒப்பிட்டுப் பார்க்க உறவின் இரத்தம் வேண்டும். ஆகவே இந்தக் கூட்டத்தை நடத்தும் அறக்கட்டளைக்கும், பள்ளிவாசல் நிருவாகங்களுக்கும், கோவில் வண்ணக்கர்மாருக்கும் ஒரு வேண்டுகோள்: குடி குடியாகக் காணாமல் போனவர்களின் பட்டியலை எழுதுங்கள். அதில் தாயின் பெயரையும் தாய்வழிச் சகோதரங்களின் பெயரையும் சேருங்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே மரபணு மாதிரி எடுத்துப் பாதுகாக்கும்படி, இரண்டு சமூகமும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு அரசிடம் கேளுங்கள்.