திரும்பி வரும் வாலிபரும் ஜமாஅத்தின் கடமையும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. சற்று முன்பு செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையையும் வரவு செலவுக் கணக்கையும் வாசித்தார்கள். மக்தப் பிள்ளைகளின் எண்ணிக்கை, ஹவுள் பராமரிப்பு, கபரஸ்தான் சுற்றுச்சுவர், நோன்புக் கஞ்சிச் செலவு ஆகிய அனைத்திற்கும் கணக்கு இருந்தது. ஆனால், நம் மஹல்லாவிலிருந்து நீதிமன்றம் வரை சென்று திரும்பிய வாலிபர்களைப் பற்றி அவ்வறிக்கையில் ஒரு வரியும் இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்ளவே நான் எழுந்து நிற்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். சம்பந்தப்பட்டவர் யார் என்று எவரும் தேடக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயது வாலிபன். தந்தை இல்லை. என்னிடம் மக்தபில் ஓதியவன். கூட்டாளிகளோடு சேர்ந்து இருசக்கர வாகனம் ஒன்றைத் திருடிய வழக்கில் அகப்பட்டான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். தண்டனை பற்றி முடிவு செய்யுமுன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டது. அந்த அம்மையார் விசாரணைக்காகத் துறையூர் வந்து, பள்ளிவாசல் வாசலில் நின்று என்னை அழைத்தார். "இந்தப் பையனைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டார். "ஓதியிருக்கிறான்; அதற்கு மேல் எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தே இருந்தது. அவனுடைய தாயார் வீட்டு வேலை செய்து அவனை வளர்த்ததும், பத்தாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றதும் எனக்குத் தெரியும். ஜமாஅத்தின் பெயருக்கு இழுக்கு வருமே என்ற அச்சம் என் வாயை அடைத்தது. நீதிமன்றம் ஜாமீன்தாரர் ஒருவரைக் கேட்டபோது, அத்தாயார் நம் வாசலுக்கு வந்தார். கமிட்டி கூடிய பிறகு பார்க்கலாம் என்றோம். இறுதியில் ஜாமீன் நின்றவர், எதிர்வீட்டில் குடியிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். அவர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஐவேளை ஒரே ஸஃப்பில் நின்ற நாம் நிற்காத இடத்தில் அவர் நின்றார்.

அன்பர்களே! இவ்விஷயத்தில் நாட்டின் சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை நம்மில் பலர் அறியோம். நானும் அதன் பின்னரே கேட்டறிந்தேன். 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. இதற்கும் முன்பே 1936இல் சென்னை மாகாணம் இத்தகைய சட்டத்தை இயற்றியிருந்தது. இந்தியாவில் முதன்முதலாகச் சிறுவர்களுக்கென்று தனிச் சட்டம் செய்ததும் சென்னை மாகாணமே. அது 1920ஆம் ஆண்டு.

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாவது பிரிவின்படி, இருபத்தொரு வயது நிரம்பாதவர், ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் செய்திருந்தால், அவரைச் சிறைக்கு அனுப்பாதிருப்பதே பொது விதி. சிறைதான் தேவை என்று நீதிபதி கருதினால் அதற்கான காரணத்தை எழுத வேண்டும். அதற்கு முன்பு நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். நான்காவது பிரிவின்படி, மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாத காலத்திற்கு ஒழுங்காக நடப்பதாக எழுதிக்கொடுத்து வீடு திரும்பலாம். அக்காலத்தில் அலுவலர் அவரைக் கண்காணிப்பார், அறிவுரை கூறுவார், வேலை தேட உதவுவார். பத்தொன்பது வயதில் தவறியவன் சிறைக்குச் சென்றால், அங்கே தன்னைவிடத் தேர்ந்தவர்களிடம் பாடம் கற்றுத் திரும்புவான் என்ற அனுபவமே இச்சட்டத்தின் வேர்.

சிறையிலுள்ள கைதி விடுப்பில், அதாவது பரோலில் வரும்போதும், ஊரில் விசாரித்து அறிக்கை தருபவர் நன்னடத்தை அலுவலரே. அவர் கதவைத் தட்டும்போது ஊரார் சொல்லும் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதை எண்ணிப் பாருங்கள்.

பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. அவர்களை விசாரிப்பது ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் அடங்கிய குழுமம். அவ்விருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருக்க வேண்டும். அச்சிறுவரின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது அச்சட்டப்படி குற்றம். 2024 ஜூலை முதல் தேதியன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள பொருளை முதன்முறை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவருக்குச் சமூக சேவையையே தண்டனையாக விதிக்கிறது.

இந்த ஏற்பாடு அரசர்களாலோ அமைச்சர்களாலோ தோன்றியதன்று. 1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி நீதிமன்றத்தில் அமர்ந்திருந்தார். குடித்துக் கெட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பவிருந்த நேரத்தில், "இவருக்கு நான் பொறுப்பு" என்று எழுந்து நின்றார். 1858 வரை 1,946 பேருக்கு அவர் அவ்வாறு பொறுப்பேற்றார். உலகெங்கும் உள்ள நன்னடத்தைத் துறையின் முன்னோடி அவரே. நம் நாட்டுச் சட்டமும், தக்க சந்தர்ப்பத்தில் நீதிமன்றம் தகுதியுள்ள எவரையும் நன்னடத்தை அலுவலராக நியமிக்கலாம் என்று பதின்மூன்றாவது பிரிவில் இடம் வைத்திருக்கிறது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒன்றை ஆலிம்கள் அடிக்கடி எடுத்துச் சொல்வர். ஒரு மனிதர் மது அருந்தியதற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்டார். மீண்டும் அவர் கொண்டுவரப்பட்டபோது அங்கிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அம்மனிதரின் உள்ளத்தில் அல்லாஹ்வின் மீதும் ரஸூலின் மீதும் நேசம் இருப்பதை எடுத்துரைத்தார்கள். தண்டனை தள்ளுபடி ஆகவில்லை. ஆயினும் அவர் ஜமாஅத்தைவிட்டு வெளியே தள்ளப்படவும் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் பக்குவம் நமக்கு வரவேண்டும்.

மீண்டும் அந்த வாலிபனுக்கு வருகிறேன். நீதிமன்றம் அவனை ஈராண்டுக் கண்காணிப்பில் விடுவித்தது. அந்த அம்மையார் மறுபடியும் என்னிடம் வந்தார். "மாதம் ஒருமுறைதான் அவனை நான் காண முடியும். நீங்கள் வாரம் ஒருமுறை பேசுங்கள்" என்றார். இம்முறை நான் உள்ளே ஓடவில்லை. வெள்ளிதோறும் அஸருக்குப் பின் அவனை அமர்த்திப் பேசலானேன். முதல் இரண்டு மாதங்கள் நான் உபதேசம் செய்தேன். அவன் தலையைக் குனிந்திருந்தான். பிறகுதான் எனக்குப் புரிந்தது, அவனுக்கு வேண்டியது உபதேசமன்று என்று. "இந்த வாரம் வேலை எப்படி? இரவில் எங்கே இருந்தாய்? கூலியில் எவ்வளவு மிச்சம்?" என்று கேட்கத் தொடங்கினேன். அவன் பேசத் தொடங்கினான். மாதந்தோறும் மண்ணச்சநல்லூர் வழியாகத் திருச்சிக்குப் பேருந்தில் சென்று வந்தால் ஒரு நாள் கூலி போகிறது என்றும், அதற்குக் காரணம் சொல்ல முதலாளியிடம் வெட்கப்படுவதாகவும் அப்போதுதான் சொன்னான்.

ஒருநாள் அவன் வேலை செய்த பட்டறையில் பணம் குறைந்தது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமல் அவனைப் பார்த்தார்கள். அவன் எழுந்து சென்றுவிட்டான். அம்மாதம் திருச்சிக்கும் செல்லவில்லை. நிபந்தனை மீறியவரை அழைத்துப் பழைய குற்றத்திற்கே தண்டிக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு. முதல் தடவையானால் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாத தொகையோடு விடவும் இடம் உண்டு. நல்லவேளையாக அந்த அம்மையார் அறிக்கை எழுதுமுன் நேரில் வந்து விசாரித்தார். மூன்றாம் நாள் பட்டறைக் கணக்கில் கூட்டல் பிழை என்று தெரிந்தது. பணம் குறையவே இல்லை. ஆனால் அவனிடம் எவரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவன் ஈராண்டையும் முடித்தான். வண்டியைப் பறிகொடுத்தவருக்கு நீதிமன்றம் கட்டச் சொன்ன நஷ்டஈட்டைத் தவணை தவறாமல் கட்டினான். இதையும் நாம் மறக்கலாகாது. பொருளை இழந்தவரின் வேதனை உண்மையானது. கடன் வாங்கி வண்டி வாங்கியவர் அவர். திருடியவனுக்குப் பரிவு காட்டுவது என்றால், இழந்தவரை மறப்பது என்று பொருளன்று. அவருடைய ஹக்கை அவன் தன் உழைப்பால் அடைத்தான். சிறையில் இருந்திருந்தால் அதுவும் நடந்திராது.

இனி, என் உள்ளத்தை அரிக்கும் செய்தியைச் சொல்லுகிறேன். சில காலம் கழித்து அவனுக்குத் திருமணப் பேச்சு நடந்தது. பெண் வீட்டாரின் ஜமாஅத், அவனைப் பற்றி விசாரித்து நமக்குக் கடிதம் எழுதியது. நம் அலுவலகத்திலிருந்து சென்ற பதிலில், "களவு வழக்கில் சம்பந்தப்பட்டவர்" என்ற ஒரே வாக்கியம் இருந்தது. அதன் கீழ் இருந்த கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று. அந்தப் பேச்சு முறிந்தது. நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் சேராது என்று பன்னிரண்டாவது பிரிவு கூறுகிறது. சட்டம் கழுவிவிட்ட கறையை நாம் மீண்டும் பூசி அனுப்பினோம். அவன் இன்று நம் ஊரில் இல்லை.

"அப்படியானால் பொய் எழுதச் சொல்கிறீர்களா, ஹஜ்ரத்?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பெண்ணைப் பெற்றவருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு. நான் கேட்பது முழு உண்மையை. முதலில் அவனை அழைத்து, "நீயே அவர்களிடம் சொல்லிவிடு, அதுதான் உனக்குக் கண்ணியம்" என்று கூறியிருக்கலாம். பதிலில், "பத்தொன்பது வயதில் தவறினார், நீதிமன்றம் விதித்த காலத்தை ஒழுங்காக முடித்தார், நஷ்டஈட்டைக் கட்டினார், உழைத்து உண்கிறார்" என்று எழுதியிருக்கலாம். பாதி உண்மை பல நேரங்களில் முழுப் பொய்யைவிடக் கொடியது.

ஆகவே, இப்பொதுக்குழுவிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று: நன்னடத்தை அலுவலர் விசாரிக்க வந்தால், பொறுப்போடு பதில் சொல்ல நிர்வாகக் குழுவில் இருவரை நியமியுங்கள். தகுதியறிந்து ஜாமீன் நிற்க முன்வருவோரின் பெயர்களையும் அவர்களே குறித்து வைக்கட்டும். இரண்டு: கண்காணிப்பில் இருக்கும் வாலிபருக்கு வாரம் ஒருமுறை செவிசாய்க்க ஒரு பெரியவர் வேண்டும். ஏசுவதற்கு ஊரில் ஆள் உண்டு. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. மூன்று: அரிசி ஆலை, பட்டறை, கடை வைத்திருக்கும் சகோதரர்கள், ஆண்டுக்கு ஒருவருக்கேனும் வேலை கொடுங்கள், மாதத்தில் ஒரு நாள் திருச்சி சென்றுவர முகம் சுளிக்காமல் அனுமதியுங்கள். நான்கு: எவருடைய வழக்கைப் பற்றியும் ஜமாஅத் கடிதம் எழுதுமுன், சம்பந்தப்பட்டவரை அழைத்துக் கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். என் கையெழுத்து இனி அவ்வாறு விழாது.

எல்லாரும் திருந்திவிடுவார்கள் என்று நான் உறுதி கூறவில்லை. நான் பேசிப் பார்த்த வேறொருவன் இரண்டாம் முறையும் வழக்கில் அகப்பட்டான். நம் கையில் இருப்பது முயற்சி. ஹிதாயத் அல்லாஹ்வின் கையில் இருக்கிறது. ஆனால் முயற்சியே செய்யாமல் முடிவை அவன் மீது சாட்டுவது முஃமினுக்கு அழகன்று.

அடுத்த ஆண்டறிக்கையில், "நம் மஹல்லாவின் இன்ன எண்ணிக்கையுள்ள வாலிபர்களுக்கு ஜமாஅத் துணை நின்றது" என்ற வரி, பெயர் எதுவும் இல்லாமல், எண்ணிக்கை மட்டும் தாங்கி இடம்பெற வேண்டும். ஊரைவிட்டுச் சென்ற அந்த வாலிபன் எங்கிருந்தாலும் நலமுடன் வாழ அல்லாஹ் அருள்புரிவானாக! அவன் விஷயத்தில் நாம் செய்த குறையை மன்னிப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.