பெயர் தாங்கிய கனி
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற மாசித் திங்களில் நம் சங்கத்தார் இருபத்திரண்டு பேர் நந்தி மலையடிவாரத்திற்குச் சென்று வந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். அப்பயணத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயற்குழு எங்களைப் பணித்துள்ளது. திருத்தலப் பயணமாயின் பேசுவது எளிது. நாங்கள் கண்டு வந்ததோ ஒயின் வடிக்கும் ஆலை! ஆகவே முதலில் ஒரு வழக்கைத் தீர்த்துவிட்டு மேலே செல்லுதல் முறையாகும்.

பயண அறிவிப்பைப் பலகையில் ஒட்டிய மறுநாளே தாய்மார்கள் நால்வர் செயலாளர் வீட்டு வாயிலில் வந்து நின்றார்கள். "ஏங்கண்ணா, ஊரெல்லாம் குடியை விடச் சொல்லிவிட்டு, சங்கமே குடிக்கக் கூட்டிக்கொண்டு போகிறதா?" என்று அவர்களுள் மூத்தவர் கேட்டார். நியாயமான கேள்விதான். 1992இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா என்னும் சிற்றூரில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் சாராயக் கடையை மூடச் செய்ததும், அந்தத் தீ நம் சித்தூர் மாவட்டம் வரை பரவியதும், 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயம் ஒழிந்ததும் மறக்கத்தக்கவையா? 1995இல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டுகளில் தளர்ந்து போனமை வேறு கதை. அந்நாளில் தெருவில் இறங்கி நின்ற பெண்களுள் இருவர் இன்றும் இக்காலனியில் இருக்கின்றனர். கேள்வி கேட்டவர் அவர்களுள் ஒருவரே. "குடிக்க அன்று, காண, நீங்களும் வாருங்கள்" என்றார் செயலாளர். அம்மையார் வந்தார். எங்கள் அனைவரையும்விடக் கூர்ந்து நோக்கியவரும் அவரேயாவார்.

இந்த எண்ணம் எங்களுக்கு எழுந்தது எவ்வாறு? இத்தாலி நாட்டில் பியத்மாந்து என்றொரு பகுதி உண்டு. ஆங்கே மலைச்சரிவெல்லாம் திராட்சைக் கொடிகள். அயல்நாட்டார் ஊர் ஊராகச் சென்று, அந்தந்த ஊர்த் தேறலை ஒவ்வொரு மிடறு சுவைத்துத் திரும்புகின்றனர். 2014இல் யுனெஸ்கோ அக்கொடித் தோட்டங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது. இதனைப் படிப்பகத்தில் படித்த நம் இளைஞர் சிலர், மாம்பழத்திற்குப் பேர்போன நம் ஊருக்கு எவரேனும் இப்படிச் சுவைக்க வருகின்றார்களா என்று கேட்டனர். இத்தாலி செல்ல நம் பணப்பை இடம் தராது. கூப்பிடு தூரத்தில் நந்திமலை இருக்கிறது. அங்குச் சென்றோம்.

இத்தாலித் தேறல் தமிழனுக்குப் புதிதன்று என்பதை இங்கே குறிப்பிட விரும்புகின்றோம். புதுவைக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தபோது, இரு கைப்பிடி கொண்ட நெடுஞ்சாடிகளின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் சில கிரேக்கத்துக் கோஸ் தீவிலிருந்தும் சில இத்தாலியிலிருந்தும் ஒயின் சுமந்து வந்தவை என்பது பின்வந்த ஆய்வாளர் கண்ட முடிவு. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி மகிழ்க என நக்கீரர் வாழ்த்திய பாட்டு புறநானூற்றில் உளது. சாடி உடைந்து ஈராயிரம் ஆண்டுகள் ஆன பின்னும் அது எந்நாட்டு மண், எப்பகுதிச் சாடி என்று சொல்ல முடிகிறது! இதனை நினைவில் இருத்துங்கள். பின்னர் இதனிடம் மீள்வோம்.

விடியற்காலையில் புறப்பட்டு, மொகிலி கணவாய் ஏறி, பலமனேர், முளபாகல், கோலார் வழியாகச் சென்றோம். வழி நெடுகக் கோலார் மாவட்டத்து மாந்தோப்புகள் பூத்து நின்றன. தொட்டபள்ளாப்பூரை நெருங்கும்போது மாமரம் குறைந்து கொடிப்பந்தல் மிகுந்தது. கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரமுள்ள நிலம் அது. பகலில் வெயில், இரவில் குளிர். பிரான்சு நாட்டுடன் வாணிகத் தொடர்பு கொண்டிருந்த கன்வல் குரோவர் என்பார், பல ஆண்டுகள் பல வகைக் கொடிகளை நட்டுச் சோதித்து, 1988இல் இவ்விடத்தில் தம் நிறுவனத்தை அமைத்தார். முதல் ஒயின் 1992இல் வெளிவந்தது. பயிரிட்டு, வடித்து, விற்பதற்கு எத்தனை பொறுமை வேண்டியிருந்தது, பாருங்கள்.

தோட்டத்தில் எங்களை அழைத்துச் சென்ற இளைஞர் ஓசூர்ப் பக்கத்துத் தமிழர். எங்கள் பேச்சைக் கேட்டதும் அவருடைய கன்னடமும் ஆங்கிலமும் போன இடம் தெரியவில்லை. ஐரோப்பாவில் பனிக்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்கும். நம் நாட்டிலோ கொடிக்கு உறக்கமே இல்லை. விட்டால் ஆண்டில் இருமுறை காய்க்கும். பழத்தில் சாரம் இராது. ஆகவே ஏப்ரலில் ஒருமுறை வெட்டிக் கிளையை வளர்க்கின்றனர். செப்டம்பர், அக்டோபரில் மறுமுறை வெட்டிப் பூக்க வைக்கின்றனர். அறுவடை தைக்குப் பின்னரே. இரு கவ்வாத்து, ஒரு மகசூல். இதைக் கேட்டதும் எங்களுடன் வந்த மண்டிப் பெரியவர், "மரத்தை மனிதன் ஏய்க்கிற வித்தை" என்றார். மாமண்டியில் ஐம்பது ஆண்டு நின்று பழம் தரம் பார்த்த கண் அவருடையது.

அங்குள்ள திராட்சை நாம் உண்ணும் பன்னீர்த் திராட்சை அன்று. மிளகினும் சிறிது பெரியது, தோல் தடிப்பு, கொட்டை மிகுதி. வாயிலிட்டால் முதலில் இனிப்பு, பிறகு நாவைப் பிடிக்கும் துவர்ப்பு. உண்பதற்கு நம் கம்பம் பள்ளத்தாக்குப் பழமே சிறந்தது என்று நம் மகளிர் ஒருமனதாகத் தீர்மானித்தனர். ஆயினும் ஒயினுக்கு அந்தத் தோலும் துவர்ப்புமே முதல் என்றார் இளைஞர். சாறு பெரும்பாலான திராட்சைகளில் ஏறக்குறைய வெண்மையே. நிறம் தோலில் உள்ளது. தோலோடு புளிக்க விட்டால் செந்நிறம். உடனே பிழிந்து தோலை அகற்றினால் வெண்ணிறம். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நம் தோசை மாவு பொங்கும் செயலும் இதற்கு உறவே. பெரிய எஃகுத் தொட்டிகளில் குளிர்நீர் ஓடும் உறை வைத்து, வெப்பம் ஏறாமல் காக்கின்றனர். பின்னர்ச் சிலவற்றை 225 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்துகின்றனர். நிலவறையில் புளிப்பும் மரமணமும் கலந்த ஒரு காற்று. எங்களுக்கு ஊறுகாய்ச் சாடி வைத்த உள்ளறை நினைவுக்கு வந்தது.

ஓரிடத்தில் நம் காலனிப் பெண் ஒருவர் சட்டென நின்றார். இனிப்பளக்கும் சிறு கருவி ஒன்று மேசைமேல் இருந்தது. "இது எங்கள் ஆலையிலும் உண்டு, பிரிக்ஸ் பார்ப்பது" என்றார். மாங்கூழ் ஆலைச் சோதனைக் கூடத்தில் பருவந்தோறும் பணி செய்பவர் அவர். தோத்தாபுரிக் கூழில் பதினான்குக்குக் குறையாமல் காட்ட வேண்டும். இங்கே திராட்சைக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று. கருவி ஒன்றே. "ஆனால் இவர்கள் ஒவ்வொரு வயலுக்கும் தனியாக எழுதி வைக்கிறார்களே! நாங்கள் லாரி லாரியாகக் கலந்தல்லவா அளக்கிறோம்" என்றார். பயணம் முழுவதிலும் எங்களை மிகவும் தைத்த சொல் அதுதான்.

இனிச் சுவைக்கும் கூடம். நீண்ட மேசை, ஆளுக்கு மூன்று கண்ணாடிக் கிண்ணம், நடுவே ஒரு குடுவை. சிறுவர்க்கும் வேண்டாதார்க்கும் நாங்கள் கொண்டு சென்ற மோர் இருந்தது. கிண்ணத்தில் ஊற்றியது இரண்டு விரற்கடைதான். முதலில் வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்து நிறம் காண வேண்டும். பிறகு சுழற்றி முகர வேண்டும். பிறகு ஒரு மிடறு. விழுங்காமல் நா முழுதும் பரவ விட்டு, சிறிது காற்றையும் உள்ளிழுக்க வேண்டும். அதன்பின் துப்பிவிட வேண்டும்! நடுவிலிருந்த குடுவை அதற்கே. "அட, படிக்கம்!" என்று நகைத்தார் மண்டிப் பெரியவர். தாம்பூலம் தரித்த நம் முன்னோர் வீட்டுக்கு வீடு வைத்திருந்த படிக்கம் ஒயின் மேசையில் அமர்ந்திருந்தது. தொழில்முறைச் சுவைஞர் ஒரே நாளில் பல பத்துக் கிண்ணங்களைச் சோதிப்பவர். விழுங்கினால் நாவும் தெளியாது, மதியும் தெளியாது. மயக்கத்திற்கும் இந்த வேலைக்கும் தொடர்பில்லை என்பதை அம்மையார் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். பாதி மனத்துடன் என்பதையும் சொல்லிவிடுகின்றோம்.

சுவை என்ன என்று கேட்பீர்கள். வெண்ணிறத்தது எலுமிச்சையும் பச்சைப் புல்லும் மணந்தது, புளிப்பு. சிராஸ் என்னும் செந்நிறத்தது மிளகு வாடையுடையது. மூன்றாவது நாவை வறட்டியது. நாவற்பழம் தின்றால் நா எப்படிக் கட்டுமோ அப்படி. எங்களுள் பலருக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மண்டிப் பெரியவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் முகர்ந்தார். "காம்படியில் மோந்து பார்த்தே இது செம்மண் தோப்பு, இது கரிசல் தோப்பு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு எனக்கு எவனும் தாள் எழுதித் தரவில்லை" என்றார்.

அத்தாள் என்ன என்பதே நாங்கள் சொல்ல வந்தது. பியத்மாந்தில் பரோலோ என்றொரு சிற்றூர். அப்பெயரை ஒயின் புட்டியில் எழுத வேண்டுமாயின், குறித்த 11 ஊர்களின் எல்லைக்குள் விளைந்த நெப்பியோலோ என்னும் ஒரே வகைத் திராட்சையாக இருத்தல் வேண்டும். 38 மாதம் முதிர்ந்திருத்தல் வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். இத்தாலியில் இவ்வகைச் சட்டம் 1963இல் பிறந்தது. ஊர்ப் பெயர் புட்டியின் மேலிருப்பதால் விலையின் ஒரு பங்கு ஊருக்கே திரும்புகிறது.

எல்லாம் நேர்மையாகவே நடந்தது என்று எண்ண வேண்டா. 1986இல் அதே வட இத்தாலியில், மலிவான ஒயினில் வீரியம் கூட்ட மெத்தனால் கலந்தனர் சிலர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர், சிலர் கண்ணிழந்தனர். நாட்டின் ஒயின் ஏற்றுமதியே சரிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றதும் அதே நஞ்சுதான். கள்ளக்குறிச்சிச் சாராயம் எவன் காய்ச்சியது, எங்கிருந்து வந்தது என்பதைக் குடித்தவன் அறிந்தானா? அது பெயரற்ற பை. இத்தாலியிலோ, அந்த அதிர்ச்சிக்குப் பின் ஊர்ப் பெயரைக் காக்கும் கவனம் முன்னிலும் மிகுந்தது. இதனைக் கேட்ட அம்மையார், "பெயர் போட்டு விற்றாலும் குடி குடிதான்" என்றார். அதனை மறுக்க எங்களிடம் சொல் இல்லை. அவர் கருத்து அவருடையது, ஆனால் அதே மூச்சில், "நம் மாம்பழத்துக்கு ஏன் அந்தப் பெயர் இல்லை?" என்றும் கேட்டார்.

ஏன் இல்லை? பங்கனப்பள்ளி மாம்பழம் 2017இல் புவிசார் குறியீடு பெற்றுத் தன் ஊர்ப் பெயரோடு உலவுகிறது. நம் தோத்தாபுரியோ கிளிமூக்கு என்ற செல்லப் பெயரோடு சரி. பங்காருபாளையத்தில் விளைந்ததும் கோலார்ச் சீனிவாசபுரத்தில் விளைந்ததும் ஒரே தொட்டியில் கூழாகி, இருநூறு கிலோவுக்கு மேற்பட்ட பீப்பாயில் அடைபட்டுக் கப்பலேறுகின்றன. அயல்நாட்டில் அதைப் பானமாக அருந்தும் குழந்தைக்கு நம் ஊர் இருப்பதே தெரியாது. பெயரற்ற பண்டத்திற்கு விலை சொல்பவன் வாங்குபவனே.

2025ஆம் ஆண்டு ஜூனில் அதன் விளைவைக் கண்ணாரக் கண்டோம். ஆலைகளில் முந்தைய பருவத்துக் கூழே விற்காமல் கிடந்தது. கருநாடகத் தோத்தாபுரி இம்மாவட்டத்திற்குள் வரலாகாதெனத் தடை விதித்தனர். அம்மாநில முதல்வர் எதிர்ப்புத் தெரிவித்து மடல் எழுதினார். ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய் என்று கிலோவுக்கு 12 ரூபாய் அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆலை வாயிலில் வண்டிகள் நாட்கணக்கில் நின்றன. பழம் வண்டியிலேயே கனிந்து ஒழுகிற்று. ஜூலையில் நம் ஊர்ச் சாலையிலேயே பழம் கொட்டப்பட்டதைச் செய்தித்தாள்களில் நாடே பார்த்தது. நம் காலனிப் பெண்டிர் பலருக்கு அப்பருவத்தில் வேலை நாள் பாதியாய்க் குறைந்தது. ஓர் ஆலையில் இரண்டு வாரக் கூலிக்கு மூன்று மாதம் நடந்தவர்களும் இம்மன்றத்தில் அமர்ந்திருக்கின்றனர்.

ஒரு குறியீட்டுத் தாள் கிடைத்துவிட்டால் இவையெல்லாம் மறைந்துவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பரோலோவுக்கும் நெடுங்காலம் பிடித்தது. ஆனால் தாள் கேட்பதற்கு முன்னர், எத்தோப்புப் பழம் எவ்வாறு சுவைக்கிறது என்று எழுதியேனும் வைத்திருக்க வேண்டாமா? அதனை இன்றுவரை எவரும் செய்யவில்லை. மண்டிப் பெரியவரின் மூக்கில் மட்டுமே அந்த ஏடு இருக்கிறது. அவருக்கு அகவை எழுபத்தெட்டு.

திரும்பி வரும்போது மொகிலியில் தேநீருக்கு இறங்கினோம். அங்கே முடிவானது இது: வருகின்ற ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே மன்றத்தில், சுற்றுவட்டத்து ஆறு தோப்புகளின் தோத்தாபுரியைத் தனித்தனித் தட்டில் வைப்போம். தட்டின் கீழ்த் தோப்பின் பெயரை எழுதி மறைத்து வைப்போம். சோதனைக் கூடத்துப் பெண் பிரிக்ஸ் அளப்பார். பெரியவர் சொல்லச் சொல்ல, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் ஏட்டில் எழுதுவர். தோப்புக்காரரையும் அழைத்திருக்கின்றோம், நால்வர் இசைந்துள்ளனர், இருவர் யோசிக்கின்றனர். தாய்மார்கள் அனைவரும் கத்தியும் தட்டும் கொண்டு காலை ஒன்பது மணிக்கு வந்துசேர வேண்டும். படிக்கம் கொண்டுவரத் தேவையில்லை.