லேப்டாப்பை மூடியாச்சு… வேலை முடியலையே!



ஓஎம்ஆர்ல நான் வேலை பார்த்தப்போ ராத்திரி 11 மணிக்கும் போன் வரும். ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்தைப் பிசையும். "எனக்குத்தான் திறமை இல்லையோ?"ன்னு நினைச்சேன்.

இல்லை தோழர்களே! தீராத சோர்வு, வேலை மீது வெறுப்பு, எதையும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம்: இவை பணியிட அழுத்தத்தைச் சரிசெய்யாமல் விட்டதன் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது.

எட்டு மணி நேர வேலைக்கான போராட்டத்தில் பிறந்த மே தினத்தை, 1923-லேயே சென்னையில் கொண்டாடினார் சிங்காரவேலர். வேலை நேரம் முடிந்தால் போனை அணைத்துவைக்கும் உரிமை 2017 முதல் பிரான்ஸ் சட்டத்தில் இருக்கு. நமக்கும் வேணும்!

அதுவரைக்கும், பக்கத்து சீட் நண்பனிடம் நாளைக்கே கேளுங்க: "மச்சி, ஒழுங்கா தூங்குறியா?"



#எட்டு_மணி_நேரம்_எங்கள்_உரிமை